சாக்கன்ல அசெம்பிள் ஆன மெர்சிடிஸ் பென்ஸ் எஸ் கிளாஸா, ஜெர்மனியில இருந்து முழுசா இறங்கினதா? அப்பாவுக்கு எடுக்கணும்

நொய்யல்கரை:

வணக்கமுங்க. திருப்பூர்ல இருந்து எழுதறேன். அப்பாவுக்கு 71 வயசு. நிட்டிங் மெஷின் நாலு போட்டு ஆரம்பிச்சு கம்பெனியை இந்த நிலைக்குக் கொண்டு வந்தவர். இதுவரைக்கும் அவருக்குன்னு பெரிய வண்டி எடுத்துக்கிட்டதே இல்லை. போன வருஷம் இடுப்பு ஆபரேஷன் ஆச்சு. அதுக்கப்புறம் எஸ்யூவியில ஏற முடியலை, பழைய செடானில் குனிஞ்சு உட்கார முடியலை. இப்போ கம்பெனிக் கணக்கைப் பார்க்கறது நான்தான். பின் சீட்ல அவர் நிம்மதியா உட்கார்ந்து வர மாதிரி ஒரு எஸ் கிளாஸ் எடுத்துடலாம்னு முடிவு பண்ணியாச்சு. புதுசு வேண்டாம், ஒரு கை மாறினதே போதும்னு அப்பா கண்டிப்பா சொல்லிட்டார்.

ரெண்டு வண்டி கைக்கெட்டற தூரத்துல இருக்கு.

முதலாவது எஸ் 350 டி, புனே பக்கம் சாக்கன்ல அசெம்பிள் ஆனது. 2022 மார்ச். கோயம்புத்தூர் பதிவு, ஒரே ஓனர், 41,000 கிலோமீட்டர். கேக்கறது 1 கோடியே 8 லட்சம்.

ரெண்டாவது எஸ் 400 டி. 2021-ல இந்த மாடல் இந்தியாவுக்கு வந்தப்போ முழு வண்டியாவே இறக்கினாங்களே, அந்த முதல் லாட். பெங்களூர் பதிவு, 26,000 கிலோமீட்டர். கேக்கறது 1 கோடியே 15 லட்சம்.

புதுசுல ரெண்டுக்கும் இடையில 60 லட்சம் வித்தியாசம் இருந்திருக்கு. இப்போ வெறும் 7 லட்சம். அதனால சொந்தக்காரங்க எல்லாம் "யோசிக்கவே வேண்டாம், இறக்குமதியை எடு"ன்னு ஒரே பேச்சு. சித்தப்பா ஒருபடி மேல போய், "சாக்கன் வண்டியில கதவு சாத்தற சத்தமே வேற மாதிரி இருக்கும்"ங்கறார். விக்கறவரும் "இது ஜெர்மன்காரன் கை பட்ட வண்டி மேடம்"னு சொல்றார்.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். உண்மையிலேயே கட்டுமானத்துல வித்தியாசம் இருக்குங்களா? ஸ்பேர் பார்ட்ஸ்ல எது தொல்லை? அஞ்சு வருஷம் கழிச்சு வித்தா எது நிக்கும்? இன்னொரு விஷயம், எங்க வீட்டு போர்ட்டிகோ 18 அடி. வண்டி நீளம் 5,289 மில்லிமீட்டர்னு போட்டிருக்கு, அதாவது 17 அடி 4 அங்குலம். தெரு குறுகலானது, கேட்டுக்குள்ள ஒரே மடக்குல திரும்பியாகணும்.

அப்பாகிட்ட கேட்டா, "எந்த ஊர்ல செஞ்சா என்ன, இறங்கறப்போ இடுப்பு வலிக்காம இருந்தா சரி"ங்கறார்.

ராயபுரம் கிளியரிங்:

அம்மா, நான் துறைமுகத்துல கஸ்டம்ஸ் கிளியரன்ஸ் வேலை பார்க்கறவன். வண்டியைப் பத்தி மத்தவங்க சொல்லட்டும். அந்த 60 லட்சம் எங்க இருந்து வந்ததுன்னு மட்டும் நான் சொல்றேன். அது தெரிஞ்சா உங்க பாதி குழப்பம் போயிடும்.

2021 ஜூன்ல இறங்கின எஸ் 400 டி ஷோரூம் விலை 2 கோடியே 17 லட்சம், பெட்ரோல் எஸ் 450 2 கோடியே 19 லட்சம். நாலே மாசத்துல, அக்டோபர்ல, சாக்கன் வண்டி வந்துச்சு. எஸ் 350 டி 1 கோடியே 57 லட்சம், எஸ் 450 1 கோடியே 62 லட்சம். எஸ் 450-ஐ மட்டும் பாருங்க. அதே பேரு, அதே எஞ்சின், 57 லட்சம் வித்தியாசம். ஜூன்ல வாங்கினவர் தரத்துக்குன்னு கூடுதலாக் கொடுத்த பணம் இல்லை அது. அரசாங்கத்துக்குப் போன பணம்.

கணக்குக்காக, துறைமுகத்துக்கு வந்து சேர்ற மதிப்பு 50 லட்சம்னு வைங்க. முழு வண்டியா வந்தா, 40,000 டாலருக்கு மேல மதிப்பிருக்கற காருக்கு அப்போ சுங்கவரி 100 சதவீதம், அது மேல சமூக நல சர்சார்ஜ் 10. ஆக 110. 50 லட்சம் 1 கோடியே 5 லட்சம் ஆகும். ஜிஎஸ்டி இந்த வரி ஏறின தொகை மேலதான் விழும். அப்போ பெரிய செடானுக்கு 28 சதவீதம், செஸ் 20, ஆக 48. முடிவுல 1 கோடியே 55 லட்சத்து 40 ஆயிரம்.

அதே 50 லட்சம் உதிரியா, எஞ்சினும் கியர்பாக்ஸும் தயார் நிலையில பூட்டி வந்தா அப்போ 30 சதவீதம், சர்சார்ஜ் 3. 66.5 லட்சம். அது மேல 48 போட்டா 98 லட்சத்துச் சொச்சம். வித்தியாசம் 57 லட்சம்! நான் வசதிக்கு எடுத்த தொகைதான் 50 லட்சம், ஆனா வரியோட வேகம் இப்படித்தான் இருக்கும். எஞ்சின், கியர்பாக்ஸையும் பூட்டாம கொண்டு வந்து இங்க பூட்டினா 15 சதவீதம்தான். அப்போ கணக்கு 86 லட்சத்துக்கு இறங்கிடும்.

2011 பட்ஜெட்ல இந்த எஞ்சின் கியர்பாக்ஸ் பாகுபாட்டை உள்ள கொண்டு வந்தாங்க. அதோட பலனை நம்ம செங்கல்பட்டு மாவட்டத்துலயே பார்க்கலாம். மகிந்திரா வேர்ல்ட் சிட்டியில பிஎம்டபிள்யூ ஆலை 2007-ல திறந்தது. 2015 வாக்குல எஞ்சினைப் பூட்டற வேலையை ஃபோர்ஸ் மோட்டார்ஸ், ஆக்சிலை இசட்எஃப், சீட்டை லியர், வயரிங்கையும் கதவு உள்பலகையையும் டிராக்ஸ்ல்மேயர்னு இங்கேயே கொடுக்க ஆரம்பிச்சாங்க. 2021 டிசம்பர்ல அங்க இருந்து வெளிய வந்த 1 லட்சமாவது வண்டி எது தெரியுங்களா? ஒரு 7 சீரிஸ், 740 எல்ஐ. அந்த கம்பெனியோட தலைமை செடானே நம்ம ஊர் ஆளுங்க கையால பூட்டினது. எங்க பக்கத்து வீட்டுப் பையன் ஐடிஐ முடிச்சிட்டு அங்கதான் வேலைக்குப் போறான். அவன் வேலை சுத்தத்தை நான் கண்ணால பார்த்திருக்கேன். அதனாலதான் "ஜெர்மன் கை பட்டது"ன்னு யாராவது விலை பேசினா எனக்குப் பொறுக்கறதில்லை.

2025 பட்ஜெட்ல விலை உயர்ந்த காருக்கு அடிப்படை வரியை 70 ஆக்கிட்டாங்க, கூடவே வேளாண் உள்கட்டமைப்பு வரி 40 சேர்த்துட்டாங்க. கூட்டினா மறுபடி 110தான். அதே வருஷம் செப்டம்பர் 22-ல இருந்து ஜிஎஸ்டி 40 ஆனதால புது வண்டி விலை குறைஞ்சிருக்கு. பழைய வண்டி பேரத்துல இதைக் கட்டாயம் எடுத்துப் பேசுங்க.

அவினாசி ரோடு பட்டறை:

வாங்க தங்கச்சி. கோயம்புத்தூர்ல ஜெர்மன் வண்டிகள் மட்டும் பார்க்கற பட்டறை நம்முளுது. ஷோரூம் சர்வீஸ்ல இருந்துட்டு அப்புறம் தனியா வந்தவன்.

கட்டுமானத்தை முதல்ல முடிச்சிடலாம். இந்த மாடலோட முழு வண்டி ஜெர்மனியில சிண்டெல்ஃபிங்கன்ல ஃபேக்டரி 56-னு ஒரு ஆலையில தயாராகுது. சாக்கனுக்கு வர்றது அதோட பாகங்கள். எஞ்சின் ரெண்டுலயும் ஓஎம் 656, ஒரே வரிசையில ஆறு சிலிண்டர், 2,925 சிசி. 350 டி-யில 286 குதிரைத்திறன், இழுவை 600 நியூட்டன் மீட்டர். 400 டி-யில 330, 700. ரெண்டையும் லிஃப்ட்ல ஏத்திக் கீழே நின்னு பார்த்திருக்கேன். போல்ட் டார்க் குறி, கிளிப், சீலன்ட் ஓட்டம் எதையும் வெச்சு இது அந்த ஊர், இது இந்த ஊர்னு என்னால பிரிக்க முடியாது. ஏர் சஸ்பென்ஷன்ல, அதாவது ஸ்பிரிங்குக்குப் பதிலா வண்டியைத் தாங்கற காத்துப் பையில, காத்து இறங்கி என்கிட்ட வந்த வண்டிகளும் ரெண்டு வகையிலயும் உண்டு. கதவு சத்தத்துல வித்தியாசம் வந்தா கதவு ரப்பரையும் ஸ்ட்ரைக்கரையும் பாருங்க. ஆலைக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை.

இப்போ நீங்க கேட்காத விஷயத்துக்கு வர்றேன். நீங்க எடுக்கறது புது வண்டி இல்லை. அந்தச் சுங்கவரியை பெங்களூர்க்காரர் கட்டி, அதோட நஷ்டத்தையும் அவரே சுமந்துட்டார். அதனாலதான் 60 லட்சம் 7 லட்சமாச் சுருங்கியிருக்கு. அப்படின்னா உங்க சொந்தக்காரங்க சொல்றதுல நியாயம் இருக்கற மாதிரிதான் தெரியும். ஆனா அந்த வரி ரெண்டு வழியா உங்ககிட்ட திரும்பி வரும்.

ஒண்ணு ஆயுள் வரி. கர்நாடகப் பதிவு வண்டியை இங்க நிரந்தரமா வெச்சு ஓட்டணும்னா தமிழ்நாட்டு நம்பர் மாத்தியாகணும். பன்னிரண்டு மாசத்துக்கு மேல வேற மாநில நம்பர்லயே ஓட்ட சட்டம் விடாது. நம்ம மாநிலத்துல 2023 நவம்பர்ல இருந்து 20 லட்சத்துக்கு மேல விலை இருக்கற காருக்கு ஆயுள் வரி 20 சதவீதம். பழைய வண்டிக்கு வயசுக்கேத்த மாதிரி சதவீதம் குறைச்சுப் போடுவாங்க. ஆனா எந்தத் தொகைக்குப் போடுவாங்க? நீங்க கொடுக்கற 1 கோடியே 15 லட்சத்துக்கு இல்லைங்க. வண்டி புதுசா வாங்கின விலைக்கு. அதாவது சுங்கவரி ஏறின 2 கோடியே 17 லட்சத்துக்கு. குறைஞ்ச சதவீதமா இருந்தாலும் அது பல லட்சத்துல வந்து நிக்கும். உங்க 7 லட்சக் கணக்கு அங்கேயே அடிபட்டுப் போயிடும். கர்நாடகத்துல மீதி வருஷத்துக்கான வரியைத் திரும்பக் கேட்டு மனு கொடுக்கலாம். ஆனா இங்க பதிஞ்சு முடிச்ச பிறகுதான் அங்க மனுவே எடுப்பாங்க. முன்பணம் கொடுக்கறதுக்கு முன்னாடி திருப்பூர் ஆர்டிஓ ஆபீஸ்ல அந்த இன்வாய்ஸ் நகலைக் காட்டி வரி எவ்வளவுன்னு எழுத்துல வாங்கிடுங்க. கோயம்புத்தூர் வண்டிக்கு இந்த வேலையே இல்லை. பேர் மாத்தினா போதும்.

ரெண்டாவது இன்சூரன்ஸ். ஐடிவி, அதாவது இன்சூரன்ஸ்ல வண்டிக்குப் போடற மதிப்பு, பட்டியல் விலையில இருந்து கழிச்சுக்கிட்டே வரும். நாலு வருஷம் தாண்டினா 50 சதவீதம் கழிவு, மூணு தாண்டினா 40. இறக்குமதி வண்டிக்கு 2.17-ல பாதி, 1 கோடியே 8 லட்சத்துக்கு மேல. சாக்கன் வண்டிக்கு ஏறக்குறைய 94 லட்சம். பிரீமியம் அதுக்கேத்த மாதிரி கூடும். அதோட அஞ்சு வருஷம் முடிஞ்சா பல கம்பெனிகள் ஜீரோ டெப், அதாவது தேய்மானம் கழிக்காம பாகத்தோட விலையைக் கொடுக்கற வசதியை, கொடுக்கத் தயங்கும். 2021 வண்டி அந்தக் கோட்டுக்குச் சில மாசம் முன்னாடியே வந்து சேர்ந்துடும். ஹெட்லைட் ஒண்ணு உடைஞ்சா என்ன செலவுன்னு ஒரு தடவை விசாரிச்சீங்கன்னா ஜீரோ டெப் ஏன் முக்கியம்னு புரியும்.

ஸ்பேர் பார்ட்ஸ் பத்திக் கேட்டீங்க. பிரேக் பேடு, ஃபில்டர், சஸ்பென்ஷன் கை எல்லாம் ரெண்டுக்கும் பொது. ஓடற சாமான் இங்கேயே இருப்புல கிடைக்கும். ஆனா முதல் லாட்ல 150 வண்டிதான் வந்துச்சு. அந்த லாட்டுக்கு மட்டும்னு இருக்கற உள் அலங்காரப் பட்டையோ, சீட் பாகமோ வேணும்னா ஆர்டர் போட்டுக் காத்திருக்கணும்.

இனி முக்கியமான விஷயம். எந்த ஊர் வண்டியா இருந்தாலும் அப்பா உட்காரப் போற இடது பின் சீட்டைப் பாருங்க. கால் நீட்டிக்கற ஓட்டோமான் முழு தூரம் போகுதா, பாதியில நடுங்குதா, மசாஜ் பை எல்லாத்துலயும் காத்து ஏறுதா. அப்புறம் பின் சக்கரம் திரும்பற வசதி. இந்த மாடல்ல 4.5 டிகிரி திரும்பற வகை, 10 டிகிரி திரும்பற வகைன்னு ரெண்டு உண்டு. 10 டிகிரியில திருப்ப வட்டம் 2 மீட்டர் வரைக்கும் குறையும். உங்க குறுகல் தெருவுக்கும் 18 அடி போர்ட்டிகோவுக்கும் இதுதான் உயிர்நாடி. எந்த வண்டியில எது இருக்குன்னு பேப்பரை நம்பாதீங்க. சமதளமான சிமென்ட் தரையில டிரைவரை மெதுவா முழுசா ஒடிக்கச் சொல்லி, நீங்க பின்னாடி நின்னு பாருங்க. பின் சக்கரம் முன் சக்கரத்துக்கு எதிர்ப்பக்கம் சாயறது கண்ணுக்கே தெரியும்.

தெப்பக்குளம் 400:

மேடம், என்கிட்ட அதே லாட் எஸ் 400 டி இருக்கு. மதுரையில முதல் ஓனரா எடுத்தேன். மேல ரெண்டு பேரும் சொன்ன வரிக் கணக்கு எல்லாம் சரி. ஆனா அந்தக் கூடுதல் 100 நியூட்டன் மீட்டரை யாரும் பேச மாட்டேங்கறாங்க. நாலு பேர், பெட்டி நிறைய சாமான், ஏசி முழுசா ஓடறப்போ கொடைக்கானல் ஏத்தத்துல அந்த இழுவை தெரியும். எஞ்சின் சத்தம் உள்ள வராது, கியர் அடிக்கடி இறங்காது, பின்னாடி தூங்கறவங்க முழிக்க மாட்டாங்க. என் அம்மா பின் சீட்லதான் வருவாங்க. வளைவுல வண்டி உலுக்கினா அவங்களுக்கு உடனே தலை சுத்தும். இதுல அது இல்லை.

இன்னொண்ணு, முதல் லாட்ல வாங்கினவங்க பெரும்பாலும் வண்டியை ஆசையா வெச்சிருந்தவங்க. 26,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்குன்னா அதை லேசா ஒதுக்காதீங்க. தமிழ்நாட்டுப் பதிவுல இதே வண்டி கிடைச்சா நான் இதைத்தான் எடுக்கச் சொல்லுவேன்.

     

நொய்யல்கரை:

எல்லாருக்கும் நன்றிங்க. இத்தனை விவரம் யாரும் இதுவரைக்கும் எனக்குச் சொன்னதில்லை. ராயபுரம் அண்ணா கணக்கை அப்படியே எக்செல்ல போட்டு வீட்ல காட்டினேன். சித்தப்பா அதுக்கப்புறம் கதவு சத்தத்தைப் பத்திப் பேசலை.

ஆர்டிஓ ஆபீஸுக்கு நானே போனேன். பட்டறை அண்ணா சொன்னது அப்படியே சரி. பழைய இன்வாய்ஸ் விலையைத்தான் அடிப்படையா எடுக்கறாங்க. அந்தத் தொகையைச் சேர்த்தா பெங்களூர் வண்டி எங்க பட்ஜெட்டைத் தாண்டிடுது.

அப்பாவை ரெண்டு வண்டியிலயும் உட்கார வெச்சேன். பெங்களூர் வண்டியை விக்கறவர் கோயம்புத்தூருக்கு வேற வேலையா வந்தப்போ கொண்டு வந்திருந்தார். ரெண்டுலயும் ஏறறப்போ ஒண்ணும் தெரியலை. இறங்கறப்போதான் வித்தியாசம். சாக்கன் வண்டியில அப்பாவுக்கு எழுந்திருக்கச் சிரமமா இருந்துச்சு. டிரைவர் அண்ணன் கவனிச்சுட்டுச் சொன்னார், முன்னாடி யாரோ சீட்டை ரொம்பப் படுக்க வெச்சு அதே நிலையை மெமரியில போட்டிருக்காங்கன்னு. நிமிர்த்தி, சீட்டைக் கொஞ்சம் உயர்த்தின பிறகு தொடையில கை ஊணாமலே எழுந்தார். அதை அங்கேயே மெமரி ஒண்ணுல போட்டு வெச்சோம்.

பின் சக்கரத்தையும் பார்த்தாச்சு. சாக்கன் வண்டியில திரும்புது, கண்ணுக்கே நல்லாத் தெரிஞ்சுது. போர்ட்டிகோவுக்கு ஒரு தடவை கொண்டு வந்து பார்த்தோம். ஒரே மடக்குல உள்ள வந்துடுச்சு.

மதுரை அண்ணா, நீங்க சொன்ன இழுவை விஷயத்தை நான் மதிக்கறேன். அப்பா போறது மில்லுக்கும், அவினாசி கோயிலுக்கும், மாசம் ஒரு தடவை கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்கும். மலை ஏறறது அபூர்வம். அதனால 350 டி போதும்னு நினைக்கறேன். தப்பா இருந்தா சொல்லுங்க.

பட்டறை அண்ணா, வண்டியை உங்ககிட்ட கொண்டு வந்தா என்னென்ன பார்ப்பீங்க? ஓனர் ஒரு நாள் ராத்திரி விட்டுட்டுப் போக ஒத்துக்கிட்டார்.

தெப்பக்குளம் 400:

தப்பே இல்லை மேடம். அந்த ஓட்டத்துக்கு 600 நியூட்டன் மீட்டர் தாராளம். ஒண்ணே ஒண்ணு. ஊருக்குள்ளேயே குறைஞ்ச தூரம் ஓட்டினா புகையில வர்ற கரியைப் பிடிக்கற டீசல் பார்ட்டிகுலேட் ஃபில்டர் அடைச்சுக்கும். மாசம் ஒரு தடவை கோயம்புத்தூர் போறதுல பாதி பிரச்சினை தீரும். அப்பப்போ சேலம் ரோட்ல நிதானமா ஒரே வேகத்துல ஓட்டிட்டு வரச் சொல்லுங்க. புகையைச் சுத்தம் பண்ண ஊத்தற ஆட்ப்ளூ திரவத்தோட அளவையும் டிரைவரைப் பார்த்துக்கச் சொல்லுங்க.

அவினாசி ரோடு பட்டறை:

ராத்திரி விடறார்னா பாதி வேலை முடிஞ்சுதுங்க தங்கச்சி. ஏர் சஸ்பென்ஷனைப் பகல்ல பார்த்து ஒரு பிரயோஜனமும் இல்லை. சாயங்காலம் சமதளத்துல நிறுத்தி, நாலு சக்கரத்துலயும் நடு மையத்துல இருந்து மட்கார்டு விளிம்பு வரைக்கும் டேப் வெச்சு அளந்து, மாஸ்கிங் டேப்ல எழுதி அந்தந்த சக்கரத்துக்கு மேல ஒட்டிடுவேன். சாவியை வண்டிப் பக்கம் வெக்கவே மாட்டேன். காலையில கதவைத் திறக்கறதுக்கு முன்னாடி மறுபடி அளக்கணும். பூட்டைத் திறந்தாலே சில சமயம் கம்ப்ரசர் முழிச்சு உயரத்தைச் சரி பண்ணிடும், அப்புறம் கசிவு தெரியாது. ஒரு மூலை மட்டும் இறங்கியிருந்தா அந்தப் பையிலயோ வால்வு பிளாக்லயோ கசிவு. இது ஒண்ணு கண்டுபிடிச்சாலே பேரத்துல சில லட்சம் இறங்கும்.

அடுத்து கார்பெட்டைத் தூக்கிப் பார்ப்பேன். கோயம்புத்தூர் பதிவுன்னாலும் வண்டி எங்க நின்னுதுன்னு யாருக்குத் தெரியும்? 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்துல மூழ்கின வண்டிகள் சென்னையில இருந்து கைமாறி எங்கெங்கோ போச்சு. சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்து அந்த நுனியைப் பார்த்தா போதும். கழுவற ஆளு அங்க வரைக்கும் போயிருக்க மாட்டான், சேறு கோடு போட்டிருக்கும். பூட்ல அடிப்பலகைக்குக் கீழ, சீட் தண்டவாளத்துல துரு இருக்கான்னும் பார்ப்பேன்.

ஸ்கேனர் போட்டு எல்லா கன்ட்ரோல் யூனிட்லயும் கிலோமீட்டரைத் தனித்தனியாப் படிப்பேன். மீட்டர்ல 41,000 காட்டி, கியர்பாக்ஸ் யூனிட் வேற சொல்லிச்சுன்னா பேச்சை அங்கேயே நிறுத்திடலாம். ஃபில்டர்ல சேர்ந்திருக்கற கரி அளவும் அதுல வந்துடும். சர்வீஸ் வரலாறு புத்தகத்துல இருக்காது, இப்போ எல்லாம் டிஜிட்டல். ஓனரையே ஷோரூமுக்குப் போன் பண்ணி அச்செடுத்து வாங்கச் சொல்லுங்க. வேற ஆள் கேட்டாக் கொடுக்க மாட்டாங்க.

டயரையும் சொல்லிடறேன். 41,000 ஓடின வண்டியில டயரை ஏற்கெனவே மாத்தியிருக்கணும், இல்லைன்னா இப்போ மாத்தற நேரம். பக்கச்சுவர்ல நாலு இலக்கம் இருக்கும், முதல் ரெண்டு வாரம், கடைசி ரெண்டு வருஷம். நாலும் ஒரே வருஷமா, முன்னாடி பின்னாடி வேற வேற கம்பெனியான்னு பாருங்க.

நொய்யல்கரை:

காலையில அளந்தப்போ வலது பின் மூலை மட்டும் 11 மில்லிமீட்டர் இறங்கியிருந்துச்சுன்னு பட்டறை அண்ணா போன்ல சொன்னார். மத்தது எல்லாம் சுத்தம். ஸ்கேனர் கிலோமீட்டரும் ஒத்துப் போகுது. கசிவுக்கான செலவை எழுதிக் கொடுத்திருக்கார். அதை ஓனர்கிட்ட காட்டினோம். அவரும் நியாயமான மனுஷர், 1 கோடியே 3 லட்சத்துக்கு ஒத்துக்கிட்டார். இன்னைக்கு முன்பணம் கொடுக்கறோம்.

ராயபுரம் கிளியரிங்:

நல்லதும்மா. பணம் முழுசாக் கைமாறதுக்கு முன்னாடி ஆர்சி-யில கடன் பதிவு இருக்கான்னு அரசாங்கத்தோட வாகன் இணையதளத்துல பாருங்க. இருந்தா பேங்க் தடையின்மைக் கடிதமும் கடன் பதிவை நீக்கற படிவம் 35-உம் கையில வந்த பிறகுதான் மீதிப் பணம். பேர் மாத்த படிவம் 29, 30 ரெண்டுலயும் கையெழுத்து வாங்கிடுங்க. இன்சூரன்ஸை 14 நாளைக்குள்ள உங்க பேருக்கு மாத்த மனு கொடுத்துடுங்க. அதுக்கு மேல போனா சொந்த சேதத்துக்குக் கிளெய்ம் வாங்கறது கஷ்டம்.